முழங்கால் மாற்றுக்குப் பிந்தைய ஆறு வாரத்துக்கும் காப்பீடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் செல்போன் செயலி, காலில் கட்டும் சென்சார், வீடியோ அழைப்பு ஆகியவற்றின் மூலம் வீட்டிலேயே பயிற்சி கொடுக்கும் முறை தனியார் மருத்துவமனைகளில் இடம்பிடித்து வருகிறது. பிசியோதெரபிக்காக அலைய வேண்டியதில்லை என்று விளம்பரம் செய்கிறார்கள். பயனுள்ள முறைதான். தொலைவில் இருக்கும் பலருக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை. ஆனால், இந்தக் கருவிகள் எதை அளக்கின்றன, எங்கே தவறுகின்றன, மறுமுனையில் யார் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் நோயாளியின் வீட்டாருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதைச் சொல்லவும், அரசிடம் ஒரு கோரிக்கை வைக்கவும் இந்தக் கடிதம்.

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விலை வைத்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் மூட்டு மாற்று இருக்கிறது. வசதி படைத்தவர்கள் மட்டுமே நினைத்துப் பார்த்த அறுவை சிகிச்சை, காலமெல்லாம் வயலில் குனிந்து நிமிர்ந்து முட்டி தேய்ந்துபோனவர்களுக்கும் எட்டிவிட்டது. இது பெரிய மாற்றம். ஆனால், நான்கைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஊர் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். வாரத்துக்கு மூன்று நாள் வாக்கரோடு பஸ் ஏறி வாருங்கள் என்றால் எப்படி வருவார்கள்? ஆட்டோ, வேன் பிடித்தால் ஒருநாள் கூலி அதற்கே போய்விடும். துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும். டிஸ்சார்ஜ் சீட்டில் பிசியோதெரபி தொடரவும் என்று ஒரு வரி இருக்கும். பலருக்கு அது அந்தச் சீட்டோடு நின்றுவிடுகிறது.

அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூட்டுக்குள் நீர் கோத்து வீங்குகிறது. வீக்கம் இருக்கும்வரை தொடையின் முன்பக்கத் தசைக்கு மூளை முழுக் கட்டளை கொடுப்பதில்லை. முதல் மாதத்தில் அந்தத் தசையின் வலு பாதிக்கும் மேல் குறைந்துவிடும். எவ்வளவு மன உறுதி உள்ளவராக இருந்தாலும் காலைத் தூக்க முடியாமல் திணறுவது இதனால்தான். அதே நேரத்தில், தைத்த இடத்தைச் சுற்றி உள்ளே தழும்புத் திசு வளர்ந்துகொண்டே இருக்கிறது. முதல் சில வாரங்களில் அது இளக்கமாக இருக்கும்; அசைக்க அசைக்க வழிவிடும். அசைக்காமல் விட்டால் இறுகிவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முழங்கால் 90 பாகை மடங்கவில்லை என்றால், மயக்க மருந்து கொடுத்து மருத்துவரே மடக்கிவிட வேண்டிய நிலை வரலாம். அதையும் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் கிடைக்கும். அதற்குப் பின் என்றால் பலன் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் முதல் ஆறு வாரம் என்று அழுத்திச் சொல்கிறோம்.

சமதரையில் நடக்க ஏறத்தாழ 60 முதல் 70 பாகை மடங்கினால் போதும். மாடிப்படி ஏறி இறங்க 90ஐ ஒட்டி வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 95 முதல் 105 வரை தேவை. இரண்டாம் வார முடிவில் 90, ஆறாம் வாரத்தில் 110ஐ ஒட்டி என்பது பலருக்குப் பொருந்தும் இலக்கு. அறுவை சிகிச்சைக்கு முன்பே முட்டி மடங்காமல் இருந்தவருக்கு இலக்கும் குறையும்.

எல்லோரும் கேட்பது எவ்வளவு மடங்குகிறது என்றுதான். எவ்வளவு நீள்கிறது என்று கேட்பவர் குறைவு. முழங்கால் முழுதாக நீண்டு 0 பாகைக்கு வராவிட்டால், நிற்கும் நேரமெல்லாம் தொடைத் தசை இறுகியே இருக்க வேண்டும். நடை நொண்டும், மறுகாலும் இடுப்பும் வலிக்கும். இந்தக் குறை எங்கிருந்து தொடங்குகிறது தெரியுமா? முட்டிக்கு அடியில் வைக்கும் தலையணையிலிருந்து. லேசாக மடங்கிய நிலையில் வலி குறைவதால் நோயாளி கேட்பார், வீட்டாரும் பாசத்தோடு வைத்துவிடுவார்கள். இரவு முழுக்க அப்படியே கிடந்தால், பகலில் செய்த பயிற்சி அத்தனையும் வீணாகும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும். முட்டிக்கு அடியில் வெற்றிடம் இருக்க வேண்டும். எந்தக் கருவியும் இல்லாமல் முதல் நாளிலிருந்தே செய்யக்கூடியது இது.

இப்போது கருவிகளுக்கு வருவோம். எளிமையானது வீடியோ அழைப்பு. மறுமுனையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் பார்த்துக்கொண்டிருக்கிறார், திருத்துகிறார். இதில் அளவு துல்லியமாக இருக்காது. ஆனால் தையல் கசிகிறதா, முகம் சுளிக்கிறாரா, வாக்கரை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் சாய்கிறாரா என்பதெல்லாம் தெரியும். எல்லாக் கருவிகளிலும் இதற்குத்தான் நாங்கள் முதலிடம் கொடுப்போம்.

அடுத்தது, செல்போன் கேமரா மூலம் செயலியே இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றையும் புள்ளிகளாக அடையாளம் கண்டு கோணத்தைக் கணக்கிடுவது. போன் காலுக்கு நேர் பக்கவாட்டில், முட்டி உயரத்தில், ஆறேழு அடி தள்ளி இருந்தால் ஓரளவு சரியாகச் சொல்லும். சற்றுச் சாய்வாக வைத்தாலே கணக்கு மாறிவிடும், ஏனெனில் படத்தில் ஆழம் தெரியாது. நம்மூர் உடை இன்னொரு சிக்கல். சேலையும் நைட்டியும் வேட்டியும் முட்டியை மறைத்துவிடும். துணியின் மடிப்பையே முட்டி என்று எடுத்துக்கொண்டு செயலி கோணம் சொல்லும். முட்டிக்கு மேல்வரை தெரியும்படி அரைக்கால் சட்டையோ, தொடைவரை சுருட்டிக் கட்டிய உடையோ வேண்டும். வயதான பெண்கள் கேமரா முன் இதற்குக் கூச்சப்படுவது இயல்பு. பெண் பிசியோதெரபிஸ்ட்டை மறுமுனையில் அமர்த்துவதும், படம் எங்கும் சேமிக்கப்படாது என்று முன்கூட்டியே சொல்வதும் அந்தச் சேவையின் பகுதியாகவே இருக்க வேண்டும். அறையின் சன்னலும் விளக்கும் நோயாளிக்குப் பின்னால் இருந்தால் உருவம் கறுத்துத் தெரியும். வெளிச்சம் போனுக்குப் பின்னாலிருந்து காலில் விழ வேண்டும்.

மூன்றாவது வகை, தொடையில் ஒன்றும் கெண்டைக்கால் பக்கம் ஒன்றுமாகப் பட்டையால் கட்டும் சென்சார்கள். ஒவ்வொன்றும் தான் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று உணரும். இரண்டின் வித்தியாசமே முட்டியின் கோணம். கேமராவைவிட இது பொதுவாக நம்பகமானது. உடை மறைக்காது, இருட்டும் தடை இல்லை. ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பல கருவிகளில் பட்டையைக் கட்டியதும் நேராக நில்லுங்கள் அல்லது காலை நீட்டிப் படுங்கள் என்று செயலி சொல்லும். அந்த நிலையை 0 பாகை என்று குறித்துக்கொண்டு அங்கிருந்து கணக்குத் தொடங்கும். நோயாளியின் முட்டி உண்மையில் 12 பாகை மடங்கியபடியே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குமேல் நீட்ட அவரால் முடியவில்லை. செயலி அந்த 12ஐ 0 என்று எழுதிக்கொள்ளும். திரையில் நீட்டல் முழுமை என்று பச்சை வட்டம் வரும். மடங்கல் உண்மையில் 92 என்றால் 80 என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு வீட்டார் மடக்கச் சொல்லிப் படாதபாடு படுத்துவார்கள். நீட்ட வேண்டிய காலை யாரும் கவனிக்க மாட்டார்கள். தராசு முள்ளைச் சரிபார்க்காமல் எடை போடுவது போன்ற வேலை இது. செயலி காட்டும் வரைபடம் ஒவ்வொரு வாரமும் ஏறிக்கொண்டே இருக்கும், கால் மட்டும் கோணலாக இறுகும். இதற்குத் தீர்வு எளிது. முதல் நாள் பிசியோதெரபிஸ்ட் கோணமானியை (நடுவில் இணைந்த இரண்டு நீளப் பட்டைகளால் மூட்டின் கோணத்தை அளக்கும் கருவி) வைத்து அளந்து, அந்த எண்ணைத் தொடக்க அளவாகச் செயலியில் பதிய வேண்டும். கோணமானியின் நடுப்புள்ளி முட்டியின் வெளிப்பக்க எலும்பு முனையில், அதன் ஒரு பட்டை இடுப்புப் பக்கவாட்டில் தட்டுப்படும் எலும்பை நோக்கி, மறுபட்டை வெளிக் கணுக்கால் எலும்பை நோக்கி இருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலைதான். தொடக்க அளவைக் கையால் பதிய இடம் தராத கருவியை வாங்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

சென்சார் கட்டிய பட்டை நழுவுவது அடுத்த தொல்லை. வீக்கம் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி இருக்கும். வீக்கம் இருக்கும்போது இறுக்கமாக இருந்த பட்டை, வீக்கம் வடிந்ததும் சுழன்று பக்கவாட்டுக்குப் போய்விடும். தொடைச் சென்சாரைக் காலிலும் கால் சென்சாரைத் தொடையிலும் மாற்றிக் கட்டுவது சாதாரணமாக நடக்கும். இரண்டுக்கும் வேறு வேறு நிறத்தில் பட்டை கொடுத்து, தோலில் பேனாவால் எல்லை கோடு போட்டுவிட்டால் இது தீரும். தையல் போட்ட கோட்டின் மேல் எந்தப் பட்டையும் வரக் கூடாது. கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது, அங்கே ரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே இருக்கிறது.

எண்ணிக்கையை வைத்துப் பயிற்சியின் தரத்தை எடைபோடுவதும் ஏமாற்றும். காலை நீட்டியபடி மேலே தூக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். படுத்துக்கொண்டு, முட்டியைக் கட்டிலோடு அழுத்திப் பூட்டி, குதிகாலை ஓரடி உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். தொடைத் தசை வலுவற்றிருந்தால் தூக்கும்போதே முட்டி தொய்ந்து மடங்கும். இடுப்புத் தசை வேலை செய்ய, கால் மேலே போய்விடும். செயலி ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். இப்படிப் பத்து முறை செய்தால் பத்துக்குப் பத்து மதிப்பெண். வலுப்பெற வேண்டிய தசைக்கோ வேலையே இல்லை. உட்கார்ந்து முட்டியை மடக்கும்போது இடுப்பைத் தூக்கி உடம்பைப் பின்னால் சாய்ப்பதும் இதே போன்ற தவறுதான். வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒரு மனிதர் பார்த்தால்தான் இவை பிடிபடும்.

கருவி வாங்க வசதி இல்லாத வீட்டில் என்ன செய்வது? அளவெடுக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு அதன் கால்கள் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, இடுப்பை அசைக்காமல் பாதத்தைத் தரையோடு பின்னுக்கு இழுத்து, கட்டைவிரல் நுனி நிற்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்டினால் முன்னேற்றம். நீட்டலைப் பார்க்க, படுத்துக் குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் காலைத் தளரவிட்டு, இரண்டு முட்டிகளையும் பக்கவாட்டிலிருந்து அதே மட்டத்தில் ஒரு படம் எடுங்கள். எந்த முட்டி எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று படமே காட்டிவிடும். வீக்கத்துக்குத் தையல்காரர் டேப் போதும். முட்டிச் சில்லின் நடுவில் சுற்றளவைத் தினமும் காலையில் எழுந்ததும் எடுத்துக் குறித்துவைக்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து பத்தடி நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்பதையும் போனிலேயே கணக்கெடுக்கலாம். அப்போது ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வாரம் ஒருமுறை படம் எடுத்து அனுப்பினால், பட்டன் போனைத் தவிர வேறு தெரியாத வீட்டிலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உதவியோடு தொலைவழிப் பயிற்சி நடத்திவிட முடியும்.

பயிற்சியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், சிக்கலில்லாத மூட்டு மாற்றுக்கு முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை கணுக்காலை மேலும் கீழும் 20 தடவை அசைப்பது; முட்டியைக் கட்டிலோடு அழுத்தி ஐந்து வினாடி நிறுத்துவதை 10 தடவை, நாளைக்கு மூன்று நான்கு வேளை; குதிகாலைத் துண்டின் மேல் வைத்து முட்டியைத் தொங்கவிடுவது வேளைக்கு 10 நிமிடம்; குதிகாலைக் கட்டிலில் இழுத்து மடக்குவது 10 முதல் 15 தடவை; வாக்கரோடு வீட்டுக்குள் ஐந்து முதல் பத்து நிமிட நடை. வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் பயிற்சிக்கு அரைமணி, முக்கால் மணி முன்னால் போட்டுக்கொள்வது நல்லது. முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம். ஐஸை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. தையலைச் சுற்றித் தோல் மரத்திருப்பதால் புண்ணானாலும் தெரியாது.

வலிக்காமல் பயிற்சி இல்லை. ஆனால் எவ்வளவு வலி என்பதற்கு எல்லை உண்டு. பத்துக்கு நான்கு, ஐந்து வரை இருந்து, ஓய்வெடுத்ததும் குறைந்தால் சரி. மறுநாள் காலையில் சுற்றளவு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடி, வலியும் கூடியிருந்தால் முந்தின நாள் அதிகம் செய்துவிட்டார் என்று பொருள். பயிற்சியை நிறுத்தக் கூடாது, பாதியாகக் குறைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் வந்து முட்டியைப் பிடித்து அழுத்தி மடக்குவதும், எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் கண்டிப்பாகக் கூடாது. வீக்கம் கூடி, தசை இன்னும் முடங்கிப்போகும்.

சிலவற்றுக்குச் செயலியில் பதிவு போட்டுவிட்டுக் காத்திருக்கவே கூடாது. கெண்டைக்கால் கல்லுப்போல இறுகி வலித்து வீங்குவது, திடீரென மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, தையலில் நீரோ சீழோ கசிவது, நாளுக்கு நாள் பரவும் சிவப்பு, குளிரோடு காய்ச்சல், கீழே விழுந்து கால் ஊன்ற முடியாமல் போவது. இவற்றுக்கு உடனே மருத்துவமனை; மூச்சு வாங்கினாலும் நெஞ்சு வலித்தாலும் 108. தொலைவழிச் சேவை நடத்துபவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இங்கேதான் இருக்கிறது. ஞாயிறு இரவு பத்து மணிக்கு நோயாளி செயலியில் வலி 9 என்று அழுத்தினால் அதை யார் பார்ப்பார், எத்தனை மணி நேரத்தில் அழைப்பார்? தெளிவான பதில் இல்லையென்றால் அந்த எச்சரிக்கை மணிக்குப் பொருளே இல்லை.

நோயாளியின் வீட்டுச் சூழலையும் யோசிக்காமல் இந்தச் சேவைகள் வடிவமைக்கப்படுகின்றன. பல வீடுகளில் ஸ்மார்ட்போன் மகனுடையது. காலை எட்டு மணிக்கு அவரோடு வேலைக்குப் போய்விடும். மாலை ஏழுக்குத்தான் திரும்பும். பகல் 11 மணிக்கு வீடியோ அழைப்பு வைத்தால் யார் எடுப்பது? அழைப்பை மாலையில் வைப்பது, நேரலைக்கு அலைவரிசை போதாத ஊரில் அரை நிமிட வீடியோ எடுத்து அனுப்பச் செய்து பிறகு பதில் சொல்வது, திரையில் எழுத்தைக் குறைத்துத் தமிழில் குரல் வழியாகச் சொல்வது எல்லாம் செய்யக்கூடியவையே. குரலும் காலை நீட்டுங்கம்மா, மெதுவா, இன்னும் கொஞ்சம் என்று பேச வேண்டும். பாடப்புத்தகத் தமிழில் விரிவடையச் செய்யவும் என்றால் வயதானவர்களுக்குப் புரியாது.

வீட்டுக்கே ஒருமுறையாவது ஆள் போய்ப் பார்க்காமல் தொலைவழிப் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. கட்டில் எவ்வளவு தாழ்வு, குளியலறைக்கு நடுவில் நிலைப்படி உண்டா, ஈரத்தரையா, இரவில் விளக்கு உண்டா என்பதையெல்லாம் கேமராவில் முழுதாகப் பார்க்க முடியாது. தரையில் உட்காரும் கழிப்பறை இருந்தால் அதன்மேல் வைக்கும் உயர நாற்காலி முதல் நாளே வேண்டும். அதன் நான்கு கால்களுக்கும் ரப்பர் முனை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதைத் தவிர, தையல் பிரிக்கும் இரண்டாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் நேரில் பார்ப்பது கட்டாயம். தனியாக வசிப்பவர், அடிக்கடி விழுபவர், நினைவு மங்கியவர், பக்கவாதம் வந்தவர், இரண்டு முட்டிகளையும் ஒன்றாக மாற்றிக்கொண்டு துணையில்லாமல் இருப்பவர் ஆகியோருக்குத் திரை வழிப் பயிற்சியை மட்டும் நம்பக் கூடாது.

முழங்கால் அறுவை சிகிச்சை என்ற ஒரே தலைப்பில் எல்லோருக்கும் ஒரே பயிற்சியைத் தள்ளிவிடும் செயலிகளும் உண்டு. இது ஆபத்து. மூட்டு மாற்று செய்தவர் பெரும்பாலும் மறுநாளே முழு எடை ஊன்றலாம். எலும்பை வெட்டி நேராக்கிய அறுவை சிகிச்சையில் சில வாரங்களுக்கு எடைக் கட்டுப்பாடு இருக்கும். முட்டிச் சில்லு உடைந்து பொருத்தியவர் எத்தனை பாகைக்குமேல் மடக்கக் கூடாது என்று அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். விளையாட்டில் அறுந்த தசைநாரை மாற்றிவைத்தவருக்கு, புதிய தசைநார் எலும்போடு பிடிக்கும்வரை சில பயிற்சிகள் தள்ளிப்போட வேண்டியவை. எனவே டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: என்ன அறுவை சிகிச்சை, எவ்வளவு எடை ஊன்றலாம், மடக்க எல்லை உண்டா. அந்த மூன்றும் இல்லாமல் பயிற்சி தொடங்கும் எந்தச் சேவையையும் ஏற்க வேண்டாம்.

தொலைவழிப் பயிற்சி பலன் தருமா என்ற சந்தேகத்துக்கு ஆய்வுகள் ஓரளவு பதில் சொல்லிவிட்டன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 205 மூட்டு மாற்று நோயாளிகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, வீடியோ வழிப் பயிற்சி வீட்டுக்கே வந்து தரும் பயிற்சிக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. அங்கே ஒவ்வொரு அமர்விலும் மறுமுனையில் பிசியோதெரபிஸ்ட் நேரலையில் இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 306 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் கேமராவும் திரையில் தோன்றும் பயிற்றுநரும் பயன்பட்டன. பின்னாலிருந்து பிசியோதெரபிஸ்ட் கண்காணித்தார். செலவு குறைந்தது, மடக்கமும் நடையும் வழக்கமான சிகிச்சைக்கு ஈடாக இருந்தன. கீழே விழுந்தவர்கள் மட்டும் திரைவழிக் குழுவில் சற்று அதிகம். விளம்பரங்களில் முதல் பாதி வரும், இந்தக் கடைசிச் செய்தி வராது.

எனவே அரசுக்கு எங்கள் கோரிக்கை இது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் செலவுகள் மட்டுமே தொகுப்புக்குள் வருகின்றன. முழங்காலின் கணக்கு 15 நாளில் முடிவதில்லை. மாநிலக் காப்பீட்டுத் திட்டம், மூட்டு மாற்றுத் தொகையோடு ஆறு வாரப் பயிற்சிக்கான தொகையைத் தனித் தலைப்பாகச் சேர்க்க வேண்டும். ஒரு வீட்டு வருகை, வாரம் இரண்டு வீடியோ அமர்வு, இரண்டாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் நேரடிப் பரிசோதனை என்று அது அமையலாம். ஆறாம் வாரத்தில் கோணமானியால் அளந்த நீட்டலும் மடக்கமும் மருத்துவமனைப் பதிவில் ஏறிய பிறகே கடைசித் தவணை விடுவிக்கப்பட வேண்டும். கருவிக்கு மட்டும் பணம் கொடுத்தால் கருவிதான் விற்கும். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் 2022இல் இத்தகைய தொலைவழிக் கண்காணிப்புக்குக் கட்டணம் வைத்தபோது, 30 நாளில் 16 நாளாவது தரவு பதிவானால்தான் கருவிக்குப் பணம் என்றும், கண்காணிப்புக்கான கட்டணம் பெற மாதத்தில் 20 நிமிடமாவது செலவிட்டு ஒருமுறையாவது நோயாளியிடம் பேசியிருக்க வேண்டும் என்றும் நிபந்தனை போட்டது. அந்தக் கடைசி நிபந்தனை நமக்கும் வேண்டும். நம் திட்டத்தில் மாதம் ஒருமுறை என்பது வாரம் ஒருமுறை ஆக வேண்டும்.

இதற்கான ஆட்கள் இல்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் பிசியோதெரபி சேவை ஏற்கெனவே இருக்கிறது. மூட்டு மாற்று நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அவருடைய ஊருக்கான பிசியோதெரபிஸ்ட்டின் போனுக்கு டிஸ்சார்ஜ் சீட்டுக்காக மேலே சொன்ன மூன்று விவரங்களோடு தகவல் போக வேண்டும். முதல் வீட்டு வருகை ஐந்து நாளுக்குள் முடிய வேண்டும். கிராமத்திலுள்ள பெண் சுகாதாரத் தன்னார்வலருக்கு அரைநாள் பயிற்சி கொடுத்தால், போனைச் சரியான இடத்தில் பிடிக்கவும், சுற்றளவு எடுக்கவும், முட்டிக்கடியிலிருந்து தலையணையை எடுக்கவும் அவரால் முடியும். வீடியோ அமர்வை மாவட்டத் தலைமை மருத்துவமனையிலிருந்தே நடத்தலாம்.

இரண்டு விதிமுறைகளும் தேவைப்படுகின்றன. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகள் பதிவுபெற்ற மருத்துவர்களுக்கானவை. 2021ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினர் ஆணையச் சட்டத்துக்குள் வரும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் அதேபோலத் தொலைவழிச் சேவைக்கென்று தெளிவான நெறிமுறை வேண்டும். பதிவு எண், பேசியதன் பதிவு, எப்போது நேரில் வரச் சொல்ல வேண்டும் என்ற எல்லை எல்லாம் அதில் இருக்க வேண்டும். மற்றது, படங்களைப் பற்றியது. வீட்டுக்குள் அரைகுறை உடையோடு இருக்கும் பெண்ணின் வீடியோ, பணியாளரின் சொந்த வாட்ஸ்அப்பில் கிடக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை வலியுறுத்துகிறது. அந்த ஒப்புதல் தமிழில், படித்துக் காட்டி, எத்தனை நாளில் அழிக்கப்படும் என்ற விவரத்தோடு வாங்கப்பட வேண்டும்.

தனியாரிடம் பணம் கட்டி இந்தச் சேவையை எடுக்க நினைக்கும் குடும்பத்தார், தொகையைக் கட்டுவதற்கு முன் மறுமுனையில் பார்க்கப்போகும் பிசியோதெரபிஸ்ட் யார், வாரத்துக்கு எத்தனை நிமிடம் நேரலையில் இருப்பார், தொடக்கக் கோணத்தைக் கையால் அளந்து பதிவார்களா, வீட்டுக்கு ஒருமுறை வருவார்களா, இரவில் அழைத்தால் யார் எடுப்பார் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். சுகாதாரத் துறை அடுத்த முறை காப்பீட்டுத் தொகுப்புகளைத் திருத்தும்போது மூட்டு மாற்றுக்கான ஆறு வாரப் பயிற்சியையும் அதில் சேர்க்க வேண்டும் என்று உங்கள் நாளிதழின் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எலும்பு மூட்டு மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றும் பிசியோதெரபிஸ்டுகள்,
மதுரை.